வெலாபி கேட்ட நெருப்பு

மாசிபியாவின் தகர டப்பாவைத் தெரியாத ஆள் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தின் உள்நாட்டுப் பிரிவில் கிடையாது. பழைய பிஸ்கெட் டப்பா. மூடியில் ஒரு வெள்ளைக் குதிரைப் படம்; குதிரைக்கு முகம் உரிந்துபோய் வெறும் பிடரிமயிர்தான் மிச்சம். உள்ளே முழுக்க லைட்டர்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போனவை, சோதனையில் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து குப்பைத்தொட்டி மேல் வைத்துவிட்டுப் போனவை, அவசரத்தில் நாற்காலி இடுக்கில் நழுவியவை. எந்த நேரமும் இருபது இருபத்தைந்து தேறும். துடைப்பு வண்டியின் கீழ்த்தட்டில் அதை வைத்திருப்பாள். யாராவது உதட்டில் சிகரெட்டை வைத்துக்கொண்டு சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் மாறி மாறித் தட்டினால் போதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன் டப்பா திறந்துவிடும்.

அதிசயம் டப்பாவில் இல்லை, டப்பாக்காரியிடம் இருந்தது. மாசிபியா சபைக்காரி. சாதாரணச் சபை இல்லை. புகையிலை, மூக்குப்பொடி, சாராயம் மூன்றையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்ட சபை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியும் பச்சைக் கச்சையும் கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் நின்றபடியே பாடுவாள். வெயிலில் பார்க்கிற எங்களுக்கே கால் கடுக்கும், அவளுக்குக் கடுக்காது. அப்படிப்பட்டவள் வாரத்தில் ஆறு நாள் கண்டவர் சிகரெட்டுக்கும் நெருப்பு நீட்டிக்கொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பரலோக வாசலில் போய் நின்றாலும் காவல்காரனிடம் முதலில் லைட்டர் வேண்டுமா என்றுதான் கேட்பாள் என்று சபைப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஏன் செய்கிறாய் என்று கேட்டால், நல்ல பொருளைக் குப்பையில் போட மனசு வரவில்லை என்பாள். அது பொய். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

கொம்பிசிலே என்பது பெற்றோர் வைத்த பெயர். கல்யாணமான பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரால் அழைப்பதுதான் மரியாதை. சிபியா வீட்டுப் பெண், ஆகவே மாசிபியா. இன்குத்து மலைப்பக்கம் பிறந்தவள். புருஷன் பேருந்து ஓட்டுகிறவன் என்பதால் டெம்பிசாவில் குடியேறி, இரண்டு பெண்களைப் பெற்று, முப்பத்தொன்பது வயதில் விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்திரண்டு. பதின்மூன்று வருஷமாக அவள் பொறுப்பு புகை அறை. விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. ஏறப்போகிறவர்களின் சாம்பலை அள்ளுகிறாள்.

ஒரு நாளைக்கு இருநூறு பேராவது அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: சிகரெட் எங்கே குடிக்கலாம்? வெளியே என்றால் வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில் கடைசித் தூணுக்கு அந்தப் பக்கம். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ஒரே ஒரு கண்ணாடி அறை, நகரும் நடைபாதையின் கோடியில். வேறு எங்கே பற்றவைத்தாலும் கூரையில் இருக்கும் சிவப்புக் கண் பார்த்துவிடும். மணி அடிக்கும், தண்ணீர் கொட்டும். கழிவறையில் திருட்டு தம் அடிக்கிறவனை மாசிபியா முப்பது அடி தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் அய்யாவுக்கு வணக்கம், புகை பிடிக்கிற இடம் இந்தப் பக்கம் என்று தன்மையாகச் சொல்லுவாள். அந்தத் தன்மையில் கூசிப்போய் வெளியே வராதவன் இல்லை.

அந்த அறை மேல் அவளுக்கு ஒரு பிரமிப்பு உண்டு. பத்தடிக்குப் பதினைந்தடி இருக்கும். வெளியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் உள்ளே வந்ததும் தலையாட்டிக்கொள்வார்கள். சோளப் பண்ணை வெள்ளைக்காரரும், காங்கோ துணி வியாபாரியும், கறுப்புக் கோட்டு வக்கீலும் ஒரே சாம்பல் கிண்ணத்தில் தட்டுவார்கள். தேவாலயத்தில்கூட இப்படிக் கலந்து நின்று பார்த்ததில்லை என்று, கூட வேலை பார்க்கிற என்னிடம் ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு, சபையில் போய்ச் சொல்லிவிடாதே என்றும் சொன்னாள்.

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நல்ல குளிர். சோதனையைத் தாண்டி இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் அறுபது தாண்டிய ஒருவர், பழுப்புக் கோட்டு, தொப்பி கையில். இன்னொரு கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பின்னால் முப்பது வயதுப் பெண், தோளில் பை. அந்தத் துணிச் சுருள் சோதனை இயந்திரத்துக்குள் போனபோது, திரையில் முட்களைப் பார்த்த காவலர் கையை இழுத்துக்கொண்டார். நுங்கோமாப் பக்கத்து ஆள் அவர், இதெல்லாம் தெரிந்தவர். துணியைப் பிரிக்கச் சொல்லவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பெண் நேராக மாசிபியாவிடம் வந்து, வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, பிறகு கேட்டாள். "சிகரெட் குடிக்கிற ரூம் எங்கம்மா இருக்கு?"

மாசிபியா இருவரையும் பார்த்தாள். குடிக்கிறவர்களின் விரல் இல்லை, உதடும் இல்லை. நமக்கென்ன என்று வழக்கம்போலக் கைகாட்டினாள். போனவர்கள் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"அது இல்லம்மா. பழைய ரூம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தது."

அப்போதுதான் மாசிபியா அந்தத் துணிச் சுருளைச் சரியாகப் பார்த்தாள். துணியைக் குத்திக்கொண்டு ஒரு முள் நேராகவும் அதன் பக்கத்தில் ஒரு முள் வளைந்தும் வெளியே வந்திருந்தது. இலந்தைக் கொம்பு. கையிலிருந்த துடைப்பத்தை அவள் சுவரில் சாய்த்தாள்.

ஊரை விட்டுப் போய் வேறிடத்தில் செத்தவரின் உயிர், விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். உடலைக் கொண்டுபோய்ப் புதைத்தால் மட்டும் அது வீடு வந்து சேராது. ரத்த உறவில் ஒருவர் இலந்தைக் கொம்போடு போய், அந்த இடத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொம்பில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும். வழியில் ஒவ்வொரு திருப்பத்தையும் பாலத்தையும் செத்தவருக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கொம்பு சுமக்கிறவர் வீடு சேரும்வரை வேறு யாரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதனால்தான் பேசுவதற்கென்று கூட ஒருவர் வருவார். இங்கே வந்தது தோலகெலே என்ற அந்தப் பெண். கொம்பைப் பிடித்திருந்தவர் அவளுடைய சித்தப்பா பெக்கானி. கொம்பு இன்னும் காலிதான், இப்போதைக்குப் பேசினால் தப்பில்லை. ஆனால் அவர் ம்சிங்காவில் வீட்டு வாசலைத் தாண்டும்போதே வாயைக் கட்டிவிட்டார். இன்னொரு முறை தவறு நேரக்கூடாது என்ற பயம்.

ஏனென்றால் ஒரு முறை நேர்ந்துவிட்டது. தோலகெலே தாழ்ந்த குரலில் சொன்னாள். அவளுடைய அப்பா இந்த விமான நிலையத்தில் புகை அறையில் விழுந்தார் என்று மட்டும் வீட்டுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், ஆஸ்பத்திரியில் இறந்ததாகக் காகிதம் வந்தது. காகிதத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டில் ஓரத்தில் நின்று கூப்பிட்டு, வேனில் அவருக்கும் ஓர் இருக்கை எடுத்து, ஏழு மணி நேரம் பாலம் பாலமாகச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். வீட்டில் வரவேற்க ஆட்டை அறுத்தார்கள். ஆடு கத்தவில்லை.

மாசிபியாவின் கை வாய்க்குப் போனது. ஆடு கத்தினால்தான் வந்தவர் வந்தேன் என்று சொன்னதாகக் கணக்கு. இரண்டாவது ஆடும் கத்தவில்லையாம். காலிக் கொம்பைக் கொண்டுவந்து வீட்டு மூலையில் வைத்துவிட்டோம் என்று புரிந்ததும் சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

"அப்புறம் எனக்குக் கனவு வர ஆரம்பிச்சுதும்மா. அப்பா ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள நிக்கிறாரு. பையைத் தட்டுறாரு. இந்தப் பை, அந்தப் பை. என்னையே பாக்குறாரு, பேச மாட்டேங்கிறாரு. நாலு வருஷமா இதே கனவு."

மாசிபியா பக்கத்திலிருந்த பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்காரர்கள் அதில் உட்காரக்கூடாது. பதின்மூன்று வருஷத்தில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"உங்க அப்பா பேரு என்னம்மா?"

"வெலாபி. சூனு குலம்."

பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும். ஆறு வருஷமாக அவள் மனசை விட்டு நகராத ஆள். மெலிந்த உருவம், தங்கச் சுரங்கத்துக்காரர்களுக்கே உரிய இருமல், புதுச் சட்டை. இருபத்திரண்டு வருஷம் நிலத்துக்கடியில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார். வாழ்க்கையில் முதல் முறையாக ஆகாயத்தில் ஏறப்போகிறார். உதட்டில் சிகரெட்டை வைத்துக்கொண்டு எல்லாப் பைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, அவளிடம் நெருப்பு இருக்கிறதா என்று கேட்டார். அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. அவளுடைய வண்டியில், அன்று காலை கண்டெடுத்த ஒரு லைட்டர் இருந்தது. இருந்தும் இல்லை என்றாள். அதோடு விட்டாளா? நான் கர்த்தரின் பிள்ளை, பாவத்துக்கு நெருப்பு எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றும், இந்த இருமலோடு இது எதற்கு என்றும் பிரசங்கம் வேறு செய்தாள். அந்த மனிதர் கோபிக்கவில்லை. சிரித்தார். மேலே போறேன் தாயே, ஒரே ஒரு நெருப்பு, என்றார். அவள் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி திரும்பியபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தாங்கினாள். மூன்று மூச்சு வந்தது, நான்காவது வரவில்லை. பற்றவைக்காத சிகரெட் விரலிடுக்கிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மறுநாள் குப்பைத்தொட்டி மேல் கிடந்த ஒரு லைட்டரை எடுத்து டப்பாவில் போட்டாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை.

இப்போது அந்த மனிதரின் மகள் எதிரே நிற்கிறாள். வெலாபி இன்னும் இங்கேயே நின்றுகொண்டு பையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஆறு வருஷமாக அவள் தினமும் அவரைத் தாண்டித்தான் வண்டி தள்ளியிருக்கிறாள்.

டர்பன் விமானம் பதினொன்று பத்துக்கு. டிக்கெட் இன்றைக்கு மட்டும்தான். டிக்கெட் இல்லாமல் இந்தப் பக்கம் வரவே முடியாது. காலை நீட்ட இடம் வேண்டும் என்று சாக்குச் சொல்லிச் சித்தப்பா பெயரிலேயே இரண்டு இருக்கை எடுத்திருந்தார்கள். ஒன்று அவருக்கு, ஒன்று வெலாபிக்கு. அடுத்த முறைக்கு மாட்டை விற்றாக வேண்டும். பார்த்தால் மணி பத்து இருபத்தைந்து.

பழைய புகை அறையை இடித்து நான்கு வருஷமாகிறது. அங்கே இப்போது கறுப்புக் கண்ணாடி விற்கிற கடை. விற்பனைப் பெண் ரெஃபிலுவே, ஸ்வானா இனத்துப் பெண், நாக்கில் சர்க்கரையும் மிளகாயும் சேர்த்து வைத்திருப்பவள். மாசிபியா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பேச்சு நின்றுவிட்டது. கடையில் வாடிக்கையாளர் முகம் பார்க்க ஏழெட்டுக் கண்ணாடிகள் உண்டு. யாரும் சொல்லாமலே அவள் ஒவ்வொன்றாகச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சாவு வீட்டில் கண்ணாடி முகம் காட்டக்கூடாது. திருப்ப முடியாத பெரிய கண்ணாடி மேல் தன் கோட்டைக் கழற்றிப் போட்டாள்.

அறை போனாலும் தூண் போகவில்லை. தூணிலிருந்து இரண்டு ஓடு தள்ளி, சுவரை ஒட்டி. மாசிபியா விரலை நீட்டினாள். "இங்கதான். தலை இந்தப் பக்கம்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று தோலகெலே கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. பெக்கானி மண்டியிட்டு, துணியைப் பிரித்து, கொம்பின் நுனியை அந்த ஓட்டில் வைத்தார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மூடியிருந்த வாய் திறந்தது.

"பக்காடே! மசிங்வானே! சூனு வீட்டு மகனே! நான் பெக்கானி, உன் தம்பி. உன்னைத் தப்பான இடத்துல தேடிட்டேன், பொறுத்துக்கோ. உன் பொண்ணும் வந்திருக்கா. எந்திரிண்ணே, வீட்டுக்குப் போவோம்."

வெளியே அறிவிப்புகள் ஒலித்தபடி இருந்தன, பெட்டிகள் உருண்டன. கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை. பெக்கானி காத்திருந்தார். மறுபடி குலப்பெயர்களைச் சொல்லி அழைத்தார். கொம்பைத் தூக்கிப் பார்த்தார், கனம் ஏறவில்லை; முகம் வாடியது. தோலகெலேக்கு அழுகை வந்துவிட்டது. இம்பேபோ புகை இல்லாமல் அப்பா எப்படி வருவார் என்று முனகினாள். இம்பேபோ என்பது முன்னோரை அழைக்கும்போது கொளுத்துகிற காய்ந்த மூலிகை. அந்தப் புகை இல்லாமல் எந்த வீட்டிலும் செத்தவரிடம் பேசத் தொடங்குவதில்லை. பையில் ஒரு கட்டு இருக்கிறது. ஆனால் தலைக்கு மேலே கூரையில் அந்தச் சிவப்புக் கண் முழித்துக்கொண்டிருக்கிறதே.

மாசிபியா கூரையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். இந்த ஊரிலேயே தனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்கு உறைத்தது. அதைத்தானே தினம் இருநூறு பேருக்குச் சொல்கிறாள்! அவள் அந்த ஓட்டின் முன் குனிந்தாள்.

"அய்யா, வணக்கம். புகை பிடிக்கிற இடத்த மாத்திட்டாங்க. இப்ப இந்தப் பக்கம். என் பின்னாலயே வாங்க."

கழிவறைக் கதவைத் தட்டிச் சொல்லும் அதே தன்மைதான். பெக்கானி அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவளிடம் பேச முடியாது. கொம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். முன்னால் துடைப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு மாசிபியா, வழி விடுங்கள், வழி விடுங்கள் என்று. பின்னால் கொம்போடு பெக்கானி, அண்ணனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு. இங்கே இடது பக்கம் திரும்புகிறோம். இது புத்தகக் கடை. இது காபிக் கடை, நீ காபி குடிக்க மாட்டாய். நகரும் நடைபாதை வந்ததும் அவரே ஒரு கணம் தயங்கினார். அவருக்கும் அது புதிது. "அண்ணே, தரையே ஓடுது. பாத்து கால வை, என்னைப் பிடிச்சுக்கோ." கொம்பைப் பார்த்ததும் எதிரே வந்தவர்களில் பாதிப்பேர் தாமாக ஒதுங்கித் தொப்பியை எடுத்தார்கள். புரியாத மீதிப்பேரும் அவர்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். எங்கள் விமான நிலையத்தில் மந்திரி வந்தால்கூட இவ்வளவு அமைதி கிடையாது.

புகை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மாசிபியா கதவைத் திறந்து, ஒரு பெரியவரைக் கூட்டி வந்திருக்கிறேன், அவருக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்றாள். அவர்கள் கொம்பைப் பார்த்தார்கள், சுவரோரமாக நகர்ந்தார்கள். தோலகெலே இம்பேபோ கட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்தாள். மாசிபியா டப்பாவிலிருந்து ஒரு லைட்டர் கொடுத்தாள். மூலிகைப் புகை எழுந்து அறையைச் சூழ்ந்தது. கூட்டத்தில் கோவெண்டர் என்ற டர்பன் இந்தியர் ஒருவர் இருந்தார். கற்பூர ஆரத்தியில் வளர்ந்த மனிதர். என்ன ஏது என்று கேட்காமல் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு மாசிபியா டப்பாவின் அடியில் கைவிட்டாள். லைட்டர்களுக்குக் கீழே, மடித்த காகிதத்துக்குள், காய்ந்து பழுப்பேறிய ஒரு சிகரெட். அதை வெளியே எடுத்தாள். தோலகெலேயைப் பார்க்கவில்லை, பெக்கானியையும் பார்க்கவில்லை. கொம்பைப் பார்த்தே பேசினாள்.

"அய்யா, இது உங்களோடது. உங்க விரல்ல இருந்து நான்தான் எடுத்தேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப என் வண்டியில நெருப்பு இருந்துச்சு. இருந்தும் இல்லைன்னேன். சாகப்போற மனுஷன்கிட்ட பிரசங்கம் பண்ணேன். நீங்க வீடு போய்ச் சேராததுக்கு நான்தான் காரணம். இந்தாங்க, பத்த வைக்கிறேன்."

லைட்டர் முதலில் பிடிக்கவில்லை. மூன்றாவது முறை பிடித்தது. ஐம்பத்திரண்டு வருஷம் புகையிலையைத் தீண்டாத அந்த வாயில் சிகரெட்டை வைத்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பற்றவைத்து, இருமிக்கொண்டே கிண்ணத்தின் விளிம்பில் வைத்தாள். சபைக்குப் பதில் சொல்லுவது அப்புறம் என்று விட்டுவிட்டாள்.

அதற்கடுத்து நடந்ததை ஐந்து பேர் கண்ணால் பார்த்தார்கள். ஆறு வருஷம் காய்ந்த சிகரெட் சரசரவென்று எரிந்து முடிந்திருக்க வேண்டும். இது நிதானமாக எரிந்தது. நுனி சிவந்தது, அடங்கியது, சிவந்தது, அடங்கியது. ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்து இழுத்தால் எப்படியோ அப்படி. காற்றை இழுக்கும் மின்விசிறியின் வேலை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த விசிறியை நான்கு வருஷமாகத் துடைக்கிறவள் மாசிபியா. அது அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. யாரும் அசையவில்லை. சாம்பல் ஒடியாமல் வளைந்து நீண்டு, பஞ்சுவரை வந்து, தானாகவே உதிர்ந்தது. பெக்கானியின் மணிக்கட்டு தாழ்ந்தது. இன்னொரு கையையும் கொண்டுவந்து கொம்பைத் தாங்கிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து கோட்டில் விழுந்தது. பயமா மகிழ்ச்சியா என்று மாசிபியாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டர்பன் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. தோலகெலே பையை எடுத்தாள். மாசிபியாவைப் பார்த்தாள். ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். மாசிபியா தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். இனி திட்டுவதானாலும் இதில் கூப்பிட்டுத் திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் பெக்கானி நின்றார். கொம்பு சுமக்கிறவர் செத்தவரோடு மட்டுமே பேசலாம். அவர் கொம்பை மாசிபியாவின் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"அண்ணே, உனக்கு நெருப்புக் கொடுத்த தாய் இவங்கதான். நாம யாருமே இல்லாதப்ப உன் தலையைத் தாங்கியிருக்காங்க. உன் பொருளைப் பத்திரமா வச்சிருந்து கொடுத்திருக்காங்க. நம்ம வீட்டுல இவங்க மேல யாருக்கும் வருத்தமில்லைன்னு சொல்லு. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வா."

சொல்லிவிட்டு நின்றார். தனக்கு முன்னால் ஒருவர் விடைபெற்று முடிக்கட்டும் என்று மரியாதையோடு ஒதுங்கி நிற்பவர் எப்படி நிற்பாரோ, அப்படி. பிறகு தலையசைத்துவிட்டு, அண்ணே, இப்ப ஆகாயத்துல ஏறப்போறோம், பயப்படாதே, நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

மாசிபியா கிண்ணத்தைக் கழுவவில்லை. அந்தச் சாம்பலைத் தனியாக ஒரு காகிதத்தில் எடுத்து, வெளியே கடைசித் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த செடியடியில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, வியாழக்கிழமை நான் ஒரு இழுப்பு இழுத்தேன் என்று சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். சொல்லவும் சொன்னாள், மூன்று வாரம் அங்கி போடக்கூடாது என்றார்கள், போடாமல் பின்வரிசையில் நின்று பாடினாள். ஆனால் அதற்கு முந்தின சனிக்கிழமை ஒன்று நடந்தது.

மத்தியானம் இரண்டு மணி. நகரும் நடைபாதையின் கோடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது, தெரியாத எண். காதில் வைத்தாள். யாரும் பேசவில்லை. நிறைய ஆட்களின் சலசலப்பு, காற்று, எங்கோ ஒரு நாய். ஒரு குரல் சூனு வீட்டுக் குலப்பெயர்களை வரிசையாகச் சொன்னது, பெக்கானியின் குரல். சலசலப்பு அடங்கியது. மாசிபியாவும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஆடு கத்தியது. நீளமாக, மலையெல்லாம் கேட்கிற மாதிரி கத்தியது.

பெண்கள் குலவை போட்டார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் தோலகெலேயின் குரல், அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"கேட்டுச்சாம்மா?"

மாசிபியா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளே ஒருவர் உதட்டில் சிகரெட்டோடு பையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"கேட்டுச்சும்மா" என்றாள்.